ரத்தினாள் எடுத்த படங்களின் வாசம்

எங்கள் கன்னமடையில் ரத்தினாள் எடுத்த முதல் கல்யாணத்தின் போட்டோக்கள், கிளிப் மாட்டிக் கயிற்றில் காயப் போட்டிருந்தபோதே மணக்க ஆரம்பித்துவிட்டன. மல்லிகைப்பூவும், அரைத்த சந்தனமும், பீரோவிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்த பட்டுச்சேலையின் அந்துருண்டையும், மணவறைப் புகையும், தாய்மாமன் மடியில் கைக்குழந்தை ஒன்று பெய்துவைத்த ஈரமும், ரசத்துக்குத் தாளித்த கடுகும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டூடியோவின் கதவிடுக்கு வழியே கடைவீதிக்கு வந்தன. எதிரே செருப்புக் கடை வைத்திருந்த மயில்சாமி, "இன்னைக்கு யாரு வீட்டு முகூர்த்தம், நமக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று மனத்தாங்கலோடு வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவில் கல்யாணம் எதுவும் இல்லை. ஸ்டூடியோக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அதற்குள்ளே ஒரு பெண்பிள்ளை ஈரப் படங்களை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அவள் சமையல்காரர் சென்னியப்பனின் மகள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அண்டா ஏற்றுவது சென்னியப்பன்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ரத்தினாளும் கூடப் போய்ச் சமையல்கட்டில் சின்னவெங்காயம் உரிப்பாள். பத்து வயதில், அப்படிப் போன ஒரு கல்யாணத்தில், மோர் ஊற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தவள் அதிசயம் ஒன்றைக் கண்டாள். ஊரில் யாரிடமும் தன்மையாக ஒரு சொல் பேசியறியாத பெரிய நிலக்காரர் பண்ணாடியைப் பார்த்து, கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு போட்டோக்காரர், நோஞ்சான் மனிதர், "ஐயா, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நில்லுங்க. முகத்தைத் தூக்குங்க. சிரிங்க. அவ்வளவு வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல, பண்ணாடி தள்ளி நின்றார், முகத்தைத் தூக்கினார், சிரித்தார், சிரிப்பைக் குறைத்தும் கொண்டார்.

ரத்தினாள் சமையல்கட்டுக்கு ஓடி வந்தாள். "அப்பா, பண்ணாடியவே சிரிக்கச் சொல்றாரே, அவரு யாருங்?"

"அவரு போட்டோக்காரர் கண்ணு."

"நானும் போட்டோக்காரி ஆகப் போறேன்."

"ஆவே, ஆவே" என்றார் சென்னியப்பன், அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல அந்த வெங்காயத்தை உரி."

அவள் வெங்காயத்தை உரித்தாள், ஆனால் சொன்னதை மறக்கவில்லை. கடைவீதியில் ஜெயசீலன் நடத்திவந்த ஸ்டூடியோவின் பின்பக்கம் குப்பையில் விழும் நெகட்டிவ் துண்டுகளைப் பொறுக்கி வந்து, வெயிலுக்கு எதிரே பிடித்து, கறுப்பு வேட்டி கட்டிய மாப்பிள்ளைகளையும் வெள்ளை முடி வைத்த மணப்பெண்களையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தாம் வகுப்பு முடித்ததும் நேராக அந்த ஸ்டூடியோவுக்குப் போய், "எனக்கு இங்க வேலை வேணுங்ணா" என்று நின்றாள். ஜெயசீலனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சில் கஞ்சன். யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கிற பொறுமை அவரிடம் கிடையாது. படம் கழுவவும் கவரில் பேர் எழுதவும் ஆள் வேண்டியிருந்ததால் சரி என்றார். அவள் கெட்டுப்போன படங்களைப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டாள். வெளிச்சம் கூடிப்போய் வெளுத்த முகம், கை நடுங்கிக் கலங்கிய தாலி, தலை வெட்டுப்பட்ட சம்பந்தி என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் இப்படி ஆனது என்று தனக்குத்தானே கேட்டு, தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. பெரிய வீட்டுக்கு ஜெயசீலன் போனார். தறிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, பழைய கேமரா ஒன்றையும் இரண்டு ரோலையும் கையில் கொடுத்து ரத்தினாளை அனுப்பினார். "கெடுத்துப்போடாதே" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பாடம். அவள் கெடுக்கவில்லை. அன்றைக்கு அவள் எடுத்த படங்கள்தான் மயில்சாமியைக் கடையிலிருந்து எழுப்பியவை.

ஜெயசீலனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. நாற்றமும் தெரியாது, நறுமணமும் தெரியாது. படங்களைக் கட்டி ஆல்பமாக்கிக் கொடுத்தார். தறிக்காரர் சம்சாரம் ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள், மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்தாள், அப்படியே ஸ்டூடியோவின் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"படம் நல்லா வரலைங்களா?" என்று பதறினார் ஜெயசீலன்.

"என்ற புள்ள தலை வாசமுங்" என்றாள் அவள். "கல்யாணத்தன்னிக்குக் காலைல நான் எண்ணெய் வெச்சுவிட்ட வாசம். இனி அவளை எப்பப் பார்க்கப் போறேன்னு இருந்தேன். இதுக்குள்ள இருக்கா."

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்தபோது இது ஏன், எப்படி என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஒருத்திக்குக் கைராசி இருந்தால் அவள் வைத்த செடி தளிர்க்கிறது, ஒருத்திக்கு இப்படி. நாங்கள் கேட்டதெல்லாம் காரியமான கேள்விகள். வாசம் எத்தனை நாள் தாங்கும்? கண்ணாடி போட்டு மாட்டினால் வருமா? மழைக்காலத்தில் கூடுமா குறையுமா? நாளடைவில் பதில்கள் தாமாகவே கிடைத்தன. வாசம் தேய்வதில்லை. கண்ணாடி போட்டால் அடங்கும், கழற்றினால் எழும்பும். ஈரக்காற்றில் கொஞ்சம் கூடும்.

முதலில் அகப்பட்டவர் சென்னியப்பன்தான். பீடியை விட்டுவிட்டதாக மாரியாத்தா மேல் சத்தியம் செய்து வருஷம் ஒன்றாகியிருந்தது. மகள் தன்னை அண்டாவோடு நிறுத்தி எடுத்த படத்தைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சம்சாரம் பாவாயியிடம் நீட்டினார். பாவாயி அதை முகர்ந்தாள். கொத்தமல்லி, விறகுப்புகை, வியர்வை, எல்லாவற்றுக்கும் அடியில் பீடி. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்தது தெருவுக்கே கேட்டது. மறுநாள் நிஜமாகவே பீடியை விட்டார்.

அதன்பிறகு கல்யாணத் தரகர்கள் மாறினார்கள். பையன் போட்டோ என்று கொண்டுபோய்க் கொடுத்தால், பெண் வீட்டார் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படத்தை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். சாராயம் குடிக்கிறவன் படம் சாராயம் வீசியது. தோட்டத்து வேலைக்காரன் படம் தண்ணீர் பாய்ந்த மண்ணாக மணந்தது, அவனுக்கு வரிசையாகப் பெண் கொடுக்க வந்தார்கள். வாசனை சோப்பைத் தேய்த்துக் குளித்து, அத்தர் பூசி, பவுடர் அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஒருவனிடம் ரத்தினாள், "எத்தனை போட்டாலும் ஆளோட வாசம்தானுங்ணா வரும். பேசாம நிமிர்ந்து உட்காருங்க" என்றாள். அவன் போட்டிருந்த சோப்பு ஒரு மணி நேரத்துப் பழசு. படத்தில் வந்ததோ அவனுடைய முந்தின வருஷங்கள்.

பிரியாணிக் கடைக்காரர் கடைவாசலில் மாட்ட ஒரு பெரிய படம் எடுக்கச் சொல்லி மாட்டினார். ஜனங்கள் வந்து வாசலில் நின்று, ஆசை தீர மூச்சிழுத்து, வயிறு நிறைந்தவர்களாய்த் திரும்பிப் போனார்கள். ஒரே வாரத்தில் படத்தைக் கழற்றினார். மாரியம்மன் கோயில் பூசாரி, வேப்பிலையும் கற்பூரமும் கமழும் அம்மன் படம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டதால் கோயிலுக்கு யாரும் வருவதில்லை என்று முறையிட, இனிமேல் அம்மனைக் கண்ணாடி போடாமல் கொடுக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானமானது. புருஷனைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்திருந்த கருணையம்மாள், அவன் உயிரோடு இருந்தபோது ரத்தினாள் எடுத்த படத்தை மூடி போட்ட சம்புடத்துக்குள் வைத்திருந்தாள். அமாவாசைக்கு அமாவாசை மூடியைத் திறந்து, ஒரே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மூடிவிடுவாள். தேயாது என்று நாங்கள் எத்தனை சொன்னாலும் அவள் கேட்கவில்லை. "தேஞ்சு போச்சுன்னா நீங்களா தருவீங்க" என்றாள்.

இதெல்லாம் ஊரின் சந்தோஷம். ரத்தினாளின் சந்தோஷம் வேறாக இருந்தது, அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. அவள் ஒரு படம் எடுக்க வெயில் சாயும்வரை காத்திருப்பாள். ஜன்னலை அரைவாசி மூடி, முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வெளிச்சம் விழும்படி ஆளைத் திருப்பி உட்காரவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவாள். பிறகு அந்தப் படத்தை ஆசையோடு நீட்டுவாள். வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முகர்வார்கள்.

எங்கள் ஊர் நங்கையாறு பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்கரையில் அர்த்தநாரி முதலாளியின் சாயப்பட்டறை வந்த பிறகு, வெளிநாட்டில் இந்த வருஷம் என்ன நிறத்துச் சட்டை போடுகிறார்கள் என்பது எங்களுக்கு ஆற்றைப் பார்த்தாலே தெரியும். ஒரு மாதம் நாவல்பழ நிறத்தில் ஓடும், ஒரு மாதம் கிளிப்பச்சை. கிணறுகள் உப்பாயின, பிறகு கசந்தன, பிறகு மாடு முகம் திருப்பியது. தென்னை குரும்பை உதிர்த்தது. மனுக் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் வருகிற நாள் பட்டறைக்கு மட்டும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும், அன்றைக்கு ஆறு தெளிந்து ஓடும்.

அர்த்தநாரி கெட்ட மனிதர்போல நடந்துகொள்பவர் அல்ல. பணிவாகப் பேசுவார், கோயிலுக்கு நிறையச் செய்வார். அவர் ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து ரத்தினாளிடம், "அம்மிணி, உன்ற கைவேலையைப் பார்த்தேன். எங்க பனியன், சட்டை எல்லாத்துக்கும் படம் எடுத்து வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்போணும். நல்லா வந்துச்சுன்னா கோயமுத்தூர்ல உனக்கே ஒரு ஸ்டூடியோ வெச்சுத் தர்றேன்" என்றார்.

அவள் அன்று வீட்டுக்கு ஓடித்தான் போனாள். கோயமுத்தூரில் தன் பேரில் ஒரு ஸ்டூடியோ. பட்டறையின் புது கேமராவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சட்டைகளைக் கொடியில் தொங்கவிட்டு, காற்று வரும்வரை காத்திருந்து, காற்றில் அவை ஆள் உள்ளே இருப்பதுபோல் நிமிரும் நேரம் பார்த்து எடுத்தாள். அவ்வளவு அழகான சட்டைப் படங்களை யாரும் எடுத்திருக்க முடியாது. படங்களைக் கழுவியபோது, புதுத்துணி வாசத்துக்குப் பதிலாக, அழுகின முட்டையும் எரிந்த ரப்பரும் செத்த மீனும் கலந்த ஒரு நாற்றம் கிளம்பி, கடைவீதி முழுக்கக் கதவுகளைச் சாத்தவைத்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த நாற்றம். எங்கள் ஆற்றின் நாற்றம்.

அர்த்தநாரி படங்களைக் கைக்குட்டையால் பிடித்துப் பார்த்தார். "வாசம் இல்லாம எடுத்துக் குடு அம்மிணி."

"அது என்ற கையில இல்லீங்களே" என்றாள் ரத்தினாள்.

"உன்ற கையில இல்லேன்னா வேற யாரு கையில?"

அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய்விட்டார். ஆனால் அந்த வாரமே ஊரில் ஒரு பேச்சு நடமாட ஆரம்பித்தது. ரத்தினாள் போட்டோக்களில் மருந்து தெளிக்கிறாளாம். சமையல்காரன் மகள் அல்லவா, மசாலாவும் எசென்ஸும் கலந்து படத்தின் பின்னால் பூசுகிறாளாம். முதலில் சிரித்தோம். பிறகு, பட்டறையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் சிரிப்பது நின்றது. அழுகின நாற்றம் வீசிய சட்டைப் படங்களைக் காட்டி நாங்கள் புதிதாக ஒரு மனுக் கொடுத்திருந்தோம். அதற்குப் பட்டறையின் வக்கீல் எழுதிய பதிலில் 'மோசடிக்காரி' என்ற சொல் இருந்தது. கல்யாண வீடுகள் வெளியூரிலிருந்து போட்டோக்காரரைக் கூப்பிட ஆரம்பித்தன. ஆல்பங்களைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர்கள்கூட உண்டு.

ரத்தினாள் ஸ்டூடியோவின் உள்ளறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயசீலன் வந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்ணா," என்றாள் அவள், "ஒருவேளை இந்த வாசம் இல்லேன்னா நான் யாருங்? எல்லாரும் மோந்துதான் பார்க்கறாங்க. நான் எடுக்கறது போட்டோதானா, இல்ல, ஊதுவத்தியா?"

ஜெயசீலன் மேசையிலிருந்து அந்தச் சட்டைப் படங்களில் ஒன்றை எடுத்து, மற்றவர்கள் பத்தடி தள்ளி நின்ற அந்தப் படத்தை, முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"எனக்கு மூக்கு கிடையாது" என்றார். "இந்த ஊர்ல உன்ற படத்தைக் கண்ணால மட்டும் பார்க்கறவன் நான் ஒருத்தன்தான். ரெண்டு வருஷமாப் பார்த்துட்டிருக்கேன். பாரு, இந்தச் சட்டைக் கை மடிப்புல வெளிச்சம் எப்படி இறங்கி வருதுன்னு. எனக்கு இப்படி எடுக்க வராது. கோயமுத்தூர்க்காரனுக்கும் வராது. நீ போட்டோக்காரி."

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அன்றைக்குத்தான். ரத்தினாள் எழுந்து முகம் கழுவினாள்.

எங்கள் மனுவின் மீதான விசாரணை ஜில்லாத் தலைநகரில் நடந்தது. எல்லா ஜன்னலும் மூடி ஏ.சி. போட்ட பெரிய ஹால். விசாரணை அதிகாரி நரைத்த முடியும் அளந்த பேச்சுமான ஓர் அம்மாள். நாங்கள் பஸ் பிடித்துப் போயிருந்தோம். பட்டறை வக்கீல் எழுந்து, அந்தப் பெண் தன் படங்களில் எதையோ தடவுகிறாள், எனவே அவை சாட்சி ஆகாது என்றார்.

"நான் எதையும் தடவலீங்" என்றாள் ரத்தினாள். "நம்பிக்கை இல்லேன்னா கேமராவ நீங்களே குடுங்க. ஃபிலிமும் நீங்களே குடுங்க. எங்க நின்னு எடுக்கறதுன்னும் நீங்களே சொல்லுங்க. கழுவறதும் உங்க ஆளே கழுவட்டும். நான் அமுக்கறது மட்டும் அமுக்கறேன்."

வக்கீல் அர்த்தநாரியைப் பார்த்தார். அர்த்தநாரி தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரு காரியம் எங்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த வாரம் முழுக்கப் பட்டறை மூடிக் கிடந்தது, மேலணையிலிருந்து நல்ல தண்ணீர் திறந்துவிடப்பட்டு ஆறு அலசப்பட்டிருந்தது.

மறுநாள் காலை, அதிகாரியின் ஆட்களும் பட்டறையின் ஆட்களும் அவளை ஆற்றுக்குக் கூட்டிவந்தார்கள். நாங்கள் கரையில் நின்றோம். நங்கையாறு கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். குளோரின் பவுடரின் ஒரு மெல்லிய நெடி தவிர வேறு வாசம் இல்லை. பாவாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முணுமுணுத்தது எங்களுக்குக் கேட்டது: "இத்தனை வருஷம் நாறிட்டு, இன்னைக்குன்னு பாத்துக் கழுவி வெச்சிருக்கறானுங்களே."

"இங்கேதான் எடுக்கணும்" என்று பட்டறை ஆள் ஒரு இடத்தைக் காட்டினான்.

ரத்தினாள் சேலையை வரிந்துகொண்டு தண்ணீரில் இறங்கினாள். படம் நாறுமா என்று அவளுக்கே தெரியாது. பிற்பாடு அவள் எங்களிடம் சொன்னாள், அதைப் பற்றி நினைப்பதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டதாக. இந்த ஆற்றை எப்படி நன்றாக எடுப்பது என்று மட்டும்தான் நினைத்தாளாம். பட்டறை ஆட்கள் "சீக்கிரம்" என்றார்கள். அவள் அசையவில்லை. மேகம் விலகக் காத்திருந்தாள். மேகம் விலகி, வெயில் தண்ணீருக்குள் சாய்வாக இறங்கி அடிக்கல்லைத் தொட்ட கணத்தில், குனிந்து, தண்ணீரோடு தண்ணீராகக் கேமராவைப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்தாள்.

"இன்னும் ஃபிலிம் இருக்குது" என்றார் அதிகாரியின் ஆள்.

"போதுங்" என்றாள்.

படத்தை அதிகாரியின் ஆளே கழுவி, பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். ஹாலில் அதைத் தூக்கிக் காட்டியபோது பட்டறைப் பக்கத்தில் கைதட்டினார்கள். அத்தனை தெளிவான தண்ணீர். வக்கீல் எழுந்து, "இந்த அழகான ஆற்றைத்தான் அம்மா, மாசு என்கிறார்கள்" என்றார். அர்த்தநாரி எங்கள் பக்கம் திரும்பி, வருத்தம்போல ஒரு சிரிப்புச் சிரித்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களோடு வந்திருந்த ஜெயசீலன் மட்டும் எழுந்து நின்று படத்தைப் பார்த்து, "அடேயப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

"கண்ணாடியைக் கழற்றுங்கள்" என்றார் விசாரணை அதிகாரி.

கழற்றினார்கள்.

முதலில் முன்வரிசை எழுந்தது. பிறகு இரண்டாவது வரிசை. அழுகின முட்டையும் எரிந்த ரப்பரும் செத்த மீனும், அவற்றுக்கும் அடியில் பத்து வருஷத்து ஊதாவும் பச்சையும் சிவப்பும், கசந்த கிணறும், கருகின தென்னையும், மாடு குடிக்காமல் திருப்பிய தொட்டியும் அந்தத் தெளிந்த தண்ணீரிலிருந்து கிளம்பி மூடிய ஹாலில் நிறைந்தன. ஏ.சி. அதை வாங்கி இன்னும் குளிராக்கி மூலை முடுக்கெல்லாம் அனுப்பியது. வக்கீல் தன் அங்கியாலேயே வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்குப் பாய்ந்தார், ஜன்னல் திறக்கவில்லை. காவலர்கள் ஓடினார்கள், குமாஸ்தாக்கள் ஓடினார்கள், பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள். நாங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அது பழக்கம். நாங்கள் அதில்தான் சோறு உண்டோம், அதில்தான் பிள்ளைகளைத் தூங்கவைத்தோம்.

அந்த அம்மாளும் ஓடவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் ஓடாமல் இருப்பதை வரிசை வரிசையாகப் பார்த்தார். கண்ணில் நீர் வடிந்தது, நாற்றத்தாலா வேறெதனாலா தெரியாது.

"இதுலதான் இருக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றோம்.

ஹாலுக்குள் யாரும் திரும்பி வர முடியாததால் பட்டறையை மூடும் உத்தரவு வராந்தாவில், நின்றபடியே எழுதப்பட்டது.

அன்றைக்கு வந்திருந்த நிருபர் அந்தப் படத்தை வாங்கிப் போய்த் தன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போட்டார். அச்சில் வாசம் வருமென்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலை ஜில்லா முழுக்க ஜனங்கள் பேப்பரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டி, தள்ளி நின்று படித்தார்கள். டீக்கடைகளில் டீயைக் கீழே வைத்தார்கள். வாசத்துக்குப் பயந்து தள்ளி நின்று பார்த்ததாலோ என்னவோ, தண்ணீருக்குள் வெயில் இறங்குகிற அந்த அழகையும் கொஞ்சம் பேர் பார்த்தார்கள். பத்திரிகை ஆசிரியர் அவர்களில் ஒருவர். ரத்தினாளைக் கூப்பிட்டனுப்பி, "வேலைக்கு வருகிறாயா?" என்று கேட்டார். "வர்றனுங்" என்றாள். "ஆனா, நாத்தத்துக்காகக் கூப்பிடறீங்களா, படத்துக்காகக் கூப்பிடறீங்களாங்?" அவர் சிரித்து, "படத்துக்காகத்தான்" என்றார். அவள் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் போன இடமெல்லாம் எங்களுக்குப் பேப்பர் வழியாக வந்துசேர்ந்தது. வெள்ளத்தில் மூழ்கின ஊரின் சேறு வந்தது. தேர்தல் கூட்டத்துக்கு லாரியில் அழைத்துவரப்பட்டவர்களின் வெறும் வயிறு வந்தது. வெடிமருந்து வந்தது, பிரசவ ஆஸ்பத்திரி வந்தது, முதன்முதலாகப் பஸ் ஏறிய மலைக்கிராமத்துப் பிள்ளைகளின் எண்ணெய்த் தலையும் ஆரஞ்சு மிட்டாயும் வந்தன. காலைக் காப்பியோடு எந்தப் படத்தைப் போடலாம், எதைக் கூடாது என்பதற்கு அந்தப் பத்திரிகையில் தனியாக ஒரு கூட்டமே நடக்குமாம். பிறகு சென்னைக்குப் போனாள், பிறகு டெல்லிக்கு. டெல்லியில் அவள் படங்களைப் பெரிய மண்டபத்தில் மாட்டியபோது, ஜனங்கள் வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் எட்டடி முன்னால் தரையில் ஒரு வெள்ளைக்கோடு போடச் சொன்னாள். முதலில் கோட்டுக்கு வெளியே நின்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பிறகுதான் கிட்டே வரலாம். அந்தக் கோட்டுக்காகவே அவளுக்கு அங்கே பேர் வந்தது. நாட்டின் சிறந்த புகைப்படக் கலைஞர் என்று விருது கொடுத்தார்கள். பாவாயியும் சென்னியப்பனும் ரயிலில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் மகளைப் படம் எடுத்த டெல்லிப் போட்டோக்காரர்களைப் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம் வெளிச்சம் விடுங்க" என்று அவள் சொல்ல, அத்தனை பேரும் தள்ளி நின்றார்கள் என்று சென்னியப்பன் ஊருக்கு வந்து வீடு வீடாகச் சொன்னார்.

பட்டறை சுத்திகரிப்பு ஆலை கட்டித்தான் திரும்பத் திறந்தது. அர்த்தநாரியின் மகன் இப்போது அதை ஒழுங்காக நடத்துகிறான். வருஷக்கணக்கில் ஆறு அதுபாட்டுக்குத் தேறியது. முதலில் பாசி வந்தது, பிறகு தவளை, பிறகு நாரை. ஒரு புரட்டாசியில் பாவாயி தன் வீட்டுக் கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

ரத்தினாள் அடுத்த ரயிலில் வந்தாள். நேராக ஆற்றுக்குப் போனாள். காலையில் இறங்கியவள் மத்தியானம்வரை தண்ணீரில் நின்றாள். ஒரே ஒரு படம் எடுத்தாள். அதை அவள் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது.

பேப்பர் வந்த அன்று காலை கன்னமடையில் எல்லா வீட்டு வாசலிலும் ஜனங்கள் பேப்பரை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். மூச்சை இழுத்தார்கள். மறுபடியும் இழுத்தார்கள். மயில்சாமி பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் முகர்ந்து பார்த்தார். பாவாயி கலவரமாகி, முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகளிடம் ஓடினாள்.

"அம்மிணி, இதுல ஒரு வாசமும் இல்லையே!"

"ஆமாம்மா" என்றாள் ரத்தினாள், வாயைக் கொப்பளித்துவிட்டு. "தண்ணிதானே."

பாவாயிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு தெருவில் நின்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் புரிந்தது. முகர ஒன்றும் இல்லாததால் அவர்கள் பேப்பரை மூக்கிலிருந்து எடுத்து, கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து பார்த்தார்கள். ஆற்றின் நடுவே ஒரு பாறை. பாறைமேல் ஒற்றைக்காலில் ஒரு நாரை. அதன் நிழல் தண்ணீருக்குள் விழுந்து, அடியில் கிடந்த கூழாங்கற்களின்மேல் மெதுவாக மடிந்து ஏறிக்கொண்டிருந்தது. மேலே வானம், கீழே வானம்.

"ஏ, இங்க வந்து பாருங்க" என்று கத்தினார் மயில்சாமி, எதிர்வீட்டுக்காரரின் கையிலும் அதே பேப்பர் இருப்பதை மறந்து. "எத்தனை அழகா எடுத்திருக்கறா!"